ஆய்வுகூடத்துக்குள் முதல் அடி: வன்னி மாணவர்களுக்கு ஒரு வழி

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ படிக்கிற பிள்ளைக்கு விஞ்ஞான ஆய்வுப் பயிற்சி என்றால் கொழும்பும் வெளிநாடும்தான் நினைவுக்கு வரும். பக்கத்தில் இருப்பதை முதலில் பாருங்கள். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. ஏ-9 வீதியால் போகிற பஸ்ஸில் போய் இறங்கலாம். பம்பைமடுவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடசாலை மாணவருக்கு இடம் உண்டென்று அறிவித்தல் வரும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும்.

1. காலத்தைத் தெரிவுசெய்யுங்கள்

ஓ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் நல்லவை. ஏ.எல். எழுதிவிட்டு கம்பஸ் அனுமதிக்குக் காத்திருக்கும் காலம் அதைவிட நல்லது. ரியூசன் இருந்தாலும் கிழமையில் இரண்டு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

2. ஒரு கேள்வியோடு போங்கள்

இதுதான் முக்கியம். "எனக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம்" என்றால் விரிவுரையாளருக்கு உங்களை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. "எங்கள் ஊர்த் திறந்த கிணறுகளுக்கும் குழாய்க் கிணறுகளுக்கும் உப்புத்தன்மையில் எவ்வளவு வித்தியாசம்? மாரி மழைக்குப் பிறகு அது மாறுகிறதா?" என்றால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அளக்கக்கூடிய கேள்வி, ஊருக்குத் தேவையான கேள்வி.

நிலத்தடி நீர் எங்கள் பக்கத்தில் பெரிய விடயம். குடிநீரில் புளோரைட்டு (நீரில் கரைந்திருக்கும், அளவு கூடினால் பல்லைப் பழுதாக்கும் ஒரு பொருள்) லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கைத் தரம் இன்னும் இறுக்கம்: 1.0. உங்கள் கிணறு எந்தப் பக்கம் நிற்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?

நீர் பற்றிய கேள்வி பிடிக்காவிட்டால் நெல், மண், குளத்து மீன், சூரிய மின்கலம் என்று எதையும் எடுக்கலாம்.

3. ஆளைத் தேடுங்கள்

பீடத்தின் இணையத்தளத்தில் துறை வாரியாக விரிவுரையாளர்களின் பெயரும் ஆய்வுப் பரப்பும் இருக்கும். உங்கள் கேள்விக்குக் கிட்ட நிற்பவர்களாக மூன்று நான்கு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் எழுதிய ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது வாசியுங்கள். முழுதும் விளங்காது, பரவாயில்லை.

4. கடிதம்

சுருக்கமாக எழுதுங்கள். தமிழ் தெரிந்தவர் என்றால் தமிழிலேயே எழுதலாம்:

"மதிப்புக்குரிய கலாநிதி அவர்களுக்கு, நான் ஏ.எல். உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதிய மாணவி. நிலத்தடி நீர் பற்றிய உங்கள் கட்டுரையின் சுருக்கத்தை வாசித்தேன். எங்கள் கிராமத்துக் கிணறுகளின் உப்புத்தன்மையை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க விரும்புகிறேன். கிழமையில் இரண்டு நாள், ஆறு கிழமைக்கு உங்கள் ஆய்வுகூடத்தில் உதவியாக நின்று பழக அனுமதிப்பீர்களா? கொடுப்பனவு எதிர்பார்க்கவில்லை. அதிபரின் கடிதமும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் இணைத்துள்ளேன்."

பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்துப் பணிவாக இன்னொரு முறை எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையா? அடுத்தவருக்கு எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டாம். ஒரே துறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் கதைப்பார்கள்.

5. உள்ளே போனபின்

முதல் நாட்களில் போத்தல் கழுவத் தருவார்கள். மனம் சலிக்காதீர்கள், அளவீடு அங்கேதான் தொடங்குகிறது. குழாய்க் கிணறு என்றால் முதலில் சில நிமிடம் நீரை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் தேங்கிய நீரைத்தான் அளப்பீர்கள். பிறகு அதே நீரால் போத்தலை மூன்று தரம் அலசி நிரப்புங்கள். புளோரைட்டு பார்ப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் போத்தல்தான் வேண்டும். கண்ணாடியோடு அது தாக்கமுறும். திகதி, நேரம், எந்தக் கிணறு, கடைசியாக எப்போது மழை பெய்தது, எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

உப்புத்தன்மைக்கு மின்கடத்துதிறன் மானி: உப்புக் கூடக்கூட நீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும், அதைத்தான் இது அளக்கிறது. அதன் முனையைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ரிசுத் தாளால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நியமக் கரைசலில் (கடத்துதிறன் முன்கூட்டியே தெரிந்த கரைசல்) வையுங்கள். பரவலாகப் பாவிக்கிற கரைசல் 25 பாகை செல்சியசில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அளவுதிருத்தம் செய்யாமல் ஒரு கிணற்று நீரையும் அளக்காதீர்கள்.

கொப்பியில் பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் திருத்துங்கள், அழிக்க வேண்டாம். எதிர்பாராத இலக்கம் வந்தால் மறைக்காமல் சேரிடமோ மிஸ்ஸிடமோ காட்டுங்கள். பெரும்பாலும் கதை அந்த இலக்கத்தில்தான் இருக்கும்.

6. முடியும்போது

இரண்டு பக்க அறிக்கை ஒன்றை எழுதிக் கொடுத்து, செய்த வேலையைக் குறிப்பிடுகிற ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தரவை விஞ்ஞானப் போட்டிக்குக் கொண்டுபோவதென்றால் மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும். மனிதரையோ முள்ளந்தண்டுள்ள விலங்குகளையோ வைத்துச் செய்யும் ஆய்வுக்குச் சர்வதேசப் போட்டிகள் முன்அனுமதி கேட்கும், அதை வேலை தொடங்கும் முன்னரே பெற வேண்டும். கிணற்றுச் சொந்தக்காரருக்கு அவர்களுடைய கிணற்றின் முடிவை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அளவு கூடியிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டச் சொல்லுங்கள்.