வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன தேவை? தயிர்க்கடையை வைத்து ஒரு செய்முறை

டிசைன் திங்கிங் என்பது பாவிப்பவரின் தேவையிலிருந்து தொடங்கித் தீர்வு தேடும் முறை. அதற்கு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய படிகள் ஐந்து: புரிந்துகொள்ளல், வரையறுத்தல், யோசனை, மாதிரி, பரீட்சித்தல். சின்னக் கடைக்கு முதல் இரண்டும்தான் உயிர் (கீழே 1, 2 புரிந்துகொள்ளல், 3 வரையறுத்தல்). திருகோணமலை–கந்தளாய் வீதியோரத் தயிர்க்கடை ஒன்றை எடுப்போம்.

1. பாருங்கள்

கேள்வி கேட்க முதல் ஒரு மணித்தியாலம் ஓரமாக நின்று வாங்குபவரின் கைகளைக் கவனியுங்கள். சட்டியை மடியில் வைக்கிறாரா, வேனின் பின்பக்கத்திலா? கொப்பியில் ‘கண்டது’, ‘நினைத்தது’ என இரண்டு நிரல் போடுங்கள். “விலை கூட என்று போய்விட்டார்” என்பது நினைத்தது. “சட்டியைத் தூக்கி, கயிற்றை இழுத்துப் பார்த்து, திருப்பி வைத்தார்” என்பதுதான் கண்டது.

2. கேளுங்கள்

சறுக்குவது இங்கேதான். “மூடி போட்டுத் தந்தா வாங்குவீங்களா?” என்றால் எல்லோரும் “ஓம்” என்பார்கள், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நம் சனத்துக்கு மனம் வராது. நடந்ததைக் கேளுங்கள்: “கடைசியாத் தயிர் வாங்கினது எப்ப? வீடு போய்ச் சேரும்வரைக்கும் எங்க வச்சிருந்தீங்க?” பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். “வளைவில சிந்தி பிள்ளைட உடுப்பெல்லாம் பழுதாப் போச்சு” என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

கூகுள் ஃபோம் இப்போதைக்கு வேண்டாம். எத்தனை பேர் என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஒரே வகையினரில் ஐந்தாறு பேருடன் கதைத்தால் போதும். ஆனால் நிலாவெளிக் கடற்கரைக்கு வந்து திரும்புவோரையும் ஊர்ச்சனத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

3. தேவையை ஒரு வரியில் எழுதுங்கள்

“கொழும்புக்குப் பஸ்ஸில் போகிறவர் தயிரைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும், அவர் கைகளில் ஏற்கெனவே பை இருக்கிறது.” ‘அவருக்கு மூடி தேவை’ என்று எழுதினால் அது தீர்வு, மற்ற வழிகளெல்லாம் அங்கேயே அடைபட்டுவிடும்.

4. மாதிரி செய்யுங்கள்

மூன்று யோசனை போதும்: கைப்பிடி வைத்த அட்டைப்பெட்டி, பனையோலைப் பை, தடித்த கடதாசியும் கயிறும். எனது தெரிவு அட்டைப்பெட்டி. அடியில் வைக்கோல் வளையம் வைத்தால் சட்டி உருளாது. மெருகிடாத மண்சட்டியில் நீர் கசியும். அட்டையின் அடி ஊறிப் பிய்ந்துவிடும். அதனால் வளையத்துக்குக் கீழே பொலித்தீன் ஒன்றை விரியுங்கள். நிரப்பிய சட்டியை, கொழும்புப் பஸ் ஓடும் நேரமளவுக்குப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள்.

5. பரீட்சியுங்கள்

பத்துப் பெட்டி மட்டும் செய்து, தனிக் காசுக்கு விற்றுப் பாருங்கள். சும்மா கொடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள், தேவை தெரியாது. வேண்டாம் என்றவரிடமும் சட்டியை எப்படிக் கொண்டுபோகப் போகிறார் என்று கேளுங்கள். அவர் பதில் மூன்றாம் படியில் எழுதிய வரியோடு ஒத்துவராவிட்டால், பெட்டியை விட்டுவிட்டு அந்த வரியைத் திருத்துங்கள்.