மதுரை – துபாய் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? கணக்கை நாமே போடலாம்

காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வந்தபோது, விடியக்காலை ஐந்து மணிக்கே மதுரை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். கீழக்கரையிலிருந்து நான் காரோடு போய்ச் சேர்ந்தது ஆறரைக்கு. இரண்டு அட்டைப்பெட்டிகளின் மேல் கையை ஊன்றியபடி நின்றிருந்தார். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தூரம். கூகுள் மேப்ஸில் மதுரை விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால், தூரம் அளக்கும் வசதி வரும். அடுத்து துபாய் விமான நிலையத்தைத் தொடுங்கள். சுமார் 2,950 கிலோமீட்டர். போனில் அளந்தால் விரல் பட்டுப் புள்ளி நகர்ந்துவிடுகிறது, கம்ப்யூட்டரே மேல். சில தளங்கள் 1,590 என்று காட்டும். அது நாட்டிகல் மைல். விசைப்படகில் ஜிபிஎஸ் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், 1.852-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

அப்புறம் நேரம். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்து வகுங்கள். மூன்றரை மணி வரும். ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் நான்கு.

நான் தப்பு விட்டது இதற்கு அடுத்த இடத்தில். காக்காவின் டிக்கெட்டில் புறப்பாடு இரவு 11.00, வருகை காலை 4.15. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால், 4.15-உடன் ஒன்றரையைக் கூட்டி 5.45 என்று முடிவு செய்துவிட்டேன். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர் மணி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர் மணி. 4.15 ஏற்கெனவே நம்ம மணிதான். அதில் கை வைக்கவே கூடாது.

பயண நேரம் தெரிய வேண்டுமென்றால் மட்டும் துபாய் மணியை மாற்றுங்கள். இரவு 11.00 என்பது நமக்கு 12.30. அங்கிருந்து 4.15 வரை மூன்றே முக்கால் மணி. போகும்போது நான்கு, வரும்போது கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் உயரத்தில் மேற்குக் காற்று பலமாக அடித்து, கச்சான் காற்று படகைத் தள்ளுவதுபோல விமானத்தைத் தள்ளிவிடும்.

தேதியையும் பாருங்கள். 14-ஆம் தேதி இரவு ஏறினால் 15 விடியலில்தான் இறங்குவார்கள்.

பிறகு சேர்த்தது: லண்டனுக்கு இதே ஒன்றரை மணி கணக்கைப் போட்டுக் குழம்பியதாக ஒரு தங்கச்சி சொன்னார். லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள், அப்போது வித்தியாசம் நாலரைதான். துபாயில் இந்த மாற்றம் கிடையாது. கொழும்பு வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் லேசு, அங்கேயும் நம்ம மணிதான். ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.