ஒரு சொம்பை வைத்து அழகு பார்க்கப் பழகுவது எப்படி

அழகைப் பார்க்கப் பழக அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தினமும் உங்கள் கை படுகிற ஒரு பொருள் போதும். நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த சொம்பிலிருந்தே தொடங்குகிறேன். உங்களிடம் சொம்பு இல்லையா? டம்ளர், கரண்டி, முறம் என எதுவானாலும் சரி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு முழுவதையும் அழகாக்கப் புறப்பட்டால் கண் எதிலும் நிலைக்காது.

முதலில் அதில் தண்ணீர் பிடியுங்கள். அலமாரியில் வைத்துப் பார்த்தால் சொம்பு பாதிதான் தெரியும். நிறைந்த சொம்பைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கழுத்து குறுகியிருப்பதால் விரல்கள் வளைத்துக்கொள்கின்றன. விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருப்பதால் பிடி சற்றுத் தளர்ந்தாலும் சொம்பு விரல்களின்மேல் தங்கி நிற்கிறது. இப்போது அண்ணாந்து குடித்துப் பாருங்கள். நல்ல சொம்பில் தண்ணீர் ஒரே தாரையாக இறங்கும். விளிம்பு சரியில்லாத சொம்பில் அடிப்பக்கமாக வழிந்து சட்டையை நனைக்கும். கண்ணுக்கு இதமாக இருக்கும் அந்த வளைவுதான் தாரையையும் ஒழுங்காக விடுகிறது.

1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் மிக உயர்ந்ததாக அவர்கள் எடுத்துச் சொன்னது கோயில் சிற்பத்தை அல்ல, சொம்பை. வடக்கே அதற்கு லோட்டா என்று பெயர். தனி ஒருவர் உட்கார்ந்து வரைந்த வடிவம் அல்ல அது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் திருந்தி வந்தது என்றார்கள். அந்த அறிக்கையின் வழியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

சொம்பைப் பற்றி அவர்கள் அடுக்கிய கேள்விகளை நீங்களும் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது? எந்தக் கை தூக்கப்போகிறது, பெரியவர் கையா, குழந்தை கையா? காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது? உள்ளே கைவிட்டுக் கழுவ முடிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கிறது? கல்லின்மேல் வைத்தால் என்ன சத்தம்? இதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மனம் எப்படி இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சீர்வரிசைக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் முகத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெண்கலப் பாத்திரத்தை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து லேசாகத் தட்டினால் ஓசை இழுத்துக்கொண்டு போகும். செம்போடு வெள்ளீயம் நிறையக் கலந்திருப்பதால் வருகிற ஓசை அது. அதே காரணத்தால்தான் கீழே விழுந்தால் வெண்கலம் உடைந்தும் போகிறது. விரிசல் இருந்தால் ஓசை மந்தமாகிச் சட்டென்று அறுந்துவிடும். எவர்சில்வர் வாங்கும்போதும் தட்டிப் பாருங்கள். காதுக்கும் ரசனை உண்டு, அதையும் பழக்க வேண்டும்.

அடுத்தது வாய்க்குப் பயிற்சி. ‘நன்றாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல் ஏன் என்று ஒரு காரணம் சொல்லுங்கள். ‘வயிறு அகன்று, அடி குறுகி, கழுத்தில் மறுபடி ஒடுங்குகிறது, ஆனாலும் கோடு எங்கும் முறியவில்லை’ என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவரும் அதைப் பார்க்க முடியும். ‘அவரவர் ரசனை’ என்று பேச்சை முடிப்பது எனக்குப் பிடிக்காது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1790இல் இதைப் பிரித்துக் காட்டினார். ஒரு மதுவின் சுவை ‘எனக்கு’ இனிக்கிறது என்றால் அதோடு முடிந்தது. ஒன்றை ‘அழகு’ என்று சொல்லும்போதோ மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படியானால் அழகைப் பற்றி வாதாட இடம் இருக்கிறது, வாதாடத்தான் வேண்டும்.

எல்லை ஊரில் அந்த வாதத்துக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்க் குடும்பங்கள் சொம்பில் பெயர் வெட்டித் தரச் சொல்கின்றன. பக்கத்தில் நிற்கும் மலையாளி, “சேச்சி, வழவழவென்று இருந்த வயிற்றில் ஏன் எழுத்து?” என்று கேட்பார். அவர் தேடி வந்தது கிண்டி என்கிற, மூக்கு வைத்த பாத்திரம். அதன் மூக்கு வழியாக நூல்போல வரும் தண்ணீர் கால் கழுவப் போதும், ஒரு சொட்டும் வீணாகாது. அதில் எழுத்துக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. எழுத்து கழுத்தடியில், வளைவை ஒட்டிச் சிறியதாக இருந்தால் அழகு கூடுகிறது, வயிற்றின் நடுவே பெரிதாக ஏறினால் கெடுகிறது என்பது என் தீர்ப்பு. உங்கள் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துவைத்து, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் பேசிப் பாருங்கள். அவர் காட்டிய பிறகுதான் கண்ணில் படும் விஷயங்கள் இருக்கும்.

இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இந்த அழகை யார் தேய்க்கிறார்கள்? இண்டு இடுக்கெல்லாம் பூவேலை செய்த பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெயும் கரியும் புகுந்துகொள்ளும். விருந்தாளி பாராட்டிவிட்டுப் போய்விடுவார். புளியும் சாம்பலும் போட்டு விரல் தேயத் தேய்க்கிறவர் வேறொருவர். அந்தக் கையை மறந்து செய்த வேலைப்பாட்டை நான் அழகுக் கணக்கில் சேர்ப்பதில்லை. விற்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் குடத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெருக்குழாயில் பிடித்து நடக்கிற பெண்ணுக்கு அதன் எடைக்குறைவு பெரிய உதவி. பொருள் மாறியும் அந்தக் குறுகிய கழுத்தும் உருண்ட வயிறும் மாறவில்லை, ஏனென்றால் இடுப்பு மாறவில்லை. தட்டினால் ஓசை வராது என்பதுதான் குறை.

சொம்பில் கண் பழகிவிட்டால் கதவுத் தாழ்ப்பாளுக்கோ நாற்காலிக்கோ போங்கள். அங்கே கேள்விகளை மாற்றிக்கொள்ள வேண்டும்: தாழ்ப்பாளுக்குச் சத்தம் முக்கியம், நாற்காலிக்கு எழுந்திருக்கும் நேரம் முக்கியம். புதிதாக எதையும் வாங்குமுன் பரணில் கிடக்கும் பழைய பித்தளையை இறக்குங்கள். நெளிவு எடுத்து, உள்ளே வெள்ளீயம் பூசிவிட்டால் அதில் மறுபடியும் ரசம் வைக்கலாம். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிப்பு எதையும் சமைக்காதீர்கள்.