பழைய காரில் வயரிங் கோளாறு: மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. ஹாரன் ஒரு நேரம் அடிக்கிறது, ஒரு நேரம் அடிப்பதில்லை. இரவு நன்றாக நின்ற வண்டி காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பழைய மாருதி 800 வைத்திருக்கும் யாருக்கும் இவை தெரிந்த கதைதான். உடனே பல்பை மாற்றுவோம், அப்புறம் பேட்டரியை, அப்புறம் டைனமோவை (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம்). காசு போகும், கோளாறு அங்கேயே இருக்கும்.

வயதான வண்டியில் பொருள் கெடுவதைவிட, அந்தப் பொருளுக்குக் கரண்ட் போய்வரும் வழி கெடுவதுதான் அதிகம். களிம்பேறிய கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி), துருப்பிடித்த எர்த் ஸ்க்ரூ (கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), எலி கடித்த வயர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கார்புரேட்டர் காலத்து வண்டியில் எஞ்சினை ஓட்டும் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால், நிதானமாகத் தேடினால் புதிதாகக் கற்பவரே இதைப் பிடித்துவிடலாம்.

கையில் வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10-ம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், சில ஃபியூஸ்கள், இரண்டு வயர் இழுத்த பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று. மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பொறி பறக்கும்.

படி 1: பேட்டரி

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு வேறு எதையும் சோதிக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது.

செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவரைச் சாவி திருகச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். பேட்டரி முனையில் 11 இருந்தும் மோட்டார் சோம்பலாகச் சுற்றினால், தடித்த கேபிள்களையும் அவற்றின் முனைகளையும் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: ஃபியூஸ்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த லைனை ஆன் செய்து, கறுப்பு ஊசியைப் பாடியில் வைத்து, சிவப்பு ஊசியால் ஃபியூஸின் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டிலும் 12 வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது அது உட்காரும் கிளிப் பிடிக்கவில்லை.

புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போகிறதா? அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடுவதோ, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவதோ வேண்டவே வேண்டாம். அடுத்தது வயர்தான் எரியும். ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்தப் பழைய ஹெட்லைட் பல்பின் இரண்டு வயரையும் செருகுங்கள். எங்கோ ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். பல்பே கரண்டைக் கட்டுப்படுத்துவதால் வயருக்கு ஆபத்தில்லை. இப்போது வயர்க் கொத்தை ஒவ்வோர் இடமாக அசையுங்கள்: பானட் கீல் பக்கம், கதவு மடங்கும் இடம், டிக்கிக்குப் போகும் வழி. எந்த இடத்தைத் தொட்டதும் பல்ப் அணைகிறதோ, அல்லது சட்டென்று மங்குகிறதோ, அங்கேதான் வயர் உரசிப் பாடியைத் தொடுகிறது.

படி 3: எரியவிட்டு அளப்பது

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பலரும் வயரைக் கழற்றி, மீட்டரை "பீப்" சத்தத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வயர் நல்லா இருக்கு என்று விட்டுவிடுகிறார்கள். வயருக்குள் இருக்கும் இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஏனென்றால் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. 55 வாட் ஹெட்லைட் இழுப்பதோ நாலரை ஆம்பியருக்கு மேல். அந்த ஓர் இழை அதைத் தாங்காது. அதனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

வலது ஹெட்லைட் மங்கல் என்று வைத்துக்கொள்வோம். லோ பீமைப் போடுங்கள். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்கத்தில் மீட்டர் ஊசியைச் செருகி மூன்று இடங்களில் அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகள். 12.4 என்று வருகிறது.

அடுத்து, சிவப்பு ஊசி பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு ஊசி பல்பின் லோ பீம் பின்னில். 0.5. ஸ்விட்ச், ஃபியூஸ், கப்ளர் எல்லாம் தாண்டி வரும் வழியில் இழப்பு அவ்வளவுதான். பழைய வண்டிக்கு இது பரவாயில்லை.

கடைசியாக, சிவப்பு ஊசி பல்பின் எர்த் பின்னில், கறுப்பு ஊசி பேட்டரி நெகட்டிவில். 1.8! இங்கே 0.1, மிஞ்சிப்போனால் 0.2-தான் வர வேண்டும்.

ஆக பல்புக்குக் கிடைப்பது 10.1 வோல்ட்தான். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்த நிலையில் எத்தனை புது பல்ப் போட்டாலும் ரோடு தெரியாது.

கோளாறு எர்த் பக்கம் என்று தெரிந்துவிட்டது. இன்னும் நெருங்குவோம். சிவப்பு ஊசியை ஹெட்லைட் பக்கத்தில் பெயிண்ட் இல்லாத பாடித் தகட்டில் வையுங்கள். கறுப்பு பேட்டரி நெகட்டிவிலேயே இருக்கட்டும். 0.1 காட்டினால் பாடி நல்லா இருக்கிறது, பல்புக்கும் பாடிக்கும் நடுவில்தான் பிரச்சினை. அந்த எர்த் வயர் முடியும் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். வளையம் பச்சையாகக் களிம்பேறி, அடியில் தகடு செம்பழுப்பாக இருக்கும். இரண்டையும் பளபளப்பு வரும்வரை தேய்த்து, இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கு எல்லா எர்த் ஸ்க்ரூவையும் இப்படி ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது.

பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு லேசாக எரிவது, இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மின்னுவது இதெல்லாமும் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். பின் விளக்கில் பிரேக்குக்கும் டெயிலுக்கும் எர்த் ஒன்றே. அது விட்டுப்போனால், பல்புக்குள் பிரேக் இழைக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் டெயில் இழை வழியாக அந்த லைனுக்குள் புகுந்து, கிடைத்த விளக்கையெல்லாம் தாண்டி வேறெங்கோ பாடியைத் தேடிப் போகும். இதற்காக டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம். பின் விளக்கு எர்த்தைப் பாருங்கள்.

படி 4: இரவில் பேட்டரி இறங்கினால்

சாவியை எடுத்து, எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்துங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தாலோ ஹெட்லைட் போட்டாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடலாம். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் பழைய துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட்.

0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 0.4 காட்டினால் அது ஒரு 5 வாட் பல்ப் எரியும் அளவு. கூரை விளக்கையும் கதவு ஸ்விட்சையும் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-ஹவர் போகும், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. வெளியில் மாட்டிய ஸ்டீரியோவும் ரிமோட் லாக்கும்தான் நான் முதலில் சந்தேகப்படுவது.

எல்லா ஃபியூஸையும் உருவியும் எண் இறங்கவில்லையா? நெகட்டிவ் கேபிளிலிருந்து மீட்டரை எடுத்துவிட்டு, டைனமோவின் தடித்த வயரைக் கழற்றி, அதன் முனை எதிலும் படாதபடி டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். இப்போது எண் விழுந்தால், டைனமோவுக்குள் இருக்கும் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கசிகிறது. அதைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து டயோடு பிளேட் மாற்றச் சொல்லுங்கள்.