ஆடு, கோழி கணக்குக்கு எளிய வழி

ஆடும் கோழியுமாக 20 தலை, 56 கால் என்று கணக்கு வந்தால், இருபதும் கோழிதான் என்று முதலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 40 கால்தான் வரும், 16 குறையும். ஒரு கோழியை எடுத்துவிட்டு ஆட்டை வைத்தால் 2 கால் கூடும். 16-ஐ 2-ஆல் வகுத்தால் 8 ஆடு, மீதி 12 கோழி.

ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும்போது தலை எண்ணிக்கை மாறாது, கால் மட்டும்தான் மாறும். அதனால் சமன்பாடு படிக்காத நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும்.

தேர்வுக் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். 20 கேள்வி, எல்லாவற்றுக்கும் விடை எழுதியாயிற்று, சரிக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 2 கழிப்பு, மொத்தம் 65 என்றால், எல்லாம் சரி என்று வைத்தால் 100. ஒரு தவறுக்குக் குறைவது 2 அல்ல, 7. கிடைக்காமல் போன அந்த 5-ஐத்தான் பிள்ளைகள் பெரும்பாலும் மறக்கிறார்கள். 35-ஐ 7-ஆல் வகுத்தால் தவறு 5.

மொத்தத் தலை எண்ணிக்கை தராமல், மொத்தக் காலையும் 'ஆட்டைவிடக் கோழி 6 அதிகம்' என்பதையும் மட்டும் சொன்னால் இதை அப்படியே போட முடியாது. அந்த 6 கோழியின் 12 காலை முதலில் கழித்துவிட்டு, மீதியை ஓர் ஆடு, ஒரு கோழி என ஜோடிக்கு 6 காலாகப் பிரிக்க வேண்டும்.