செட்டிநாட்டு ஊர்களின் பழைய படங்களையும் நினைவுகளையும் திரட்டும் முறை

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் பட்டாலை எனப்படும் கூடத்துச் சுவரின் மேற்பகுதியில், முன்பக்கம் சற்றே சாய்ந்தவாறு வரிசையாக மாட்டப்பட்டிருக்கும் படங்களைப் பார்த்து, இன்னார் இன்னார் என்று சொல்ல ஒருவர் இருக்கும் வரைதான் அவை குடும்பத்துப் படங்கள். பங்கு பிரிந்து வீடு இடிபடும்போது அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே பெயர் தெரியாத அய்யாக்களும் ஆச்சிகளும் தேக்குச் சட்டத்தின் விலைக்குக் கைமாறுகிறார்கள். ஆகவே ஊர் வரலாற்றைத் திரட்ட முன்வருபவரின் முதல் வேலை, படத்தில் இருப்பவர்களின் பெயரை எழுதுவது. நகலெடுப்பதைவிட அதுவே முக்கியம்.

பெயரை எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகளில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கமாதலால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ‘அண்ணாமலைச் செட்டியார்’ என்று மட்டும் எழுதி வைத்தால் அது ஊரில் பத்துப் பேருக்குப் பொருந்தும். வீட்டின் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், நகரத்தார் பிரிவுகளுக்குரிய நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவர், யாருடைய மகன், எந்த ஊரில் பெண் எடுத்தவர் என்ற நான்கையும் சேர்த்து எழுத வேண்டும். பிள்ளை கூட்டப்பட்டவராக, அதாவது தத்து வந்தவராக, இருந்தால் பிறந்த வீட்டு விலாசம், வந்த வீட்டு விலாசம் ஆகிய இரண்டையும் குறிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒரே மனிதர் இரண்டு படங்களில் இரண்டு ஆட்களாக ஆகிவிடுவார். பெண்களைப் பொறுத்தவரை ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு நிறுத்திவிடும் பழக்கம் பழைய குறிப்புகளில் மிகுதி. ஆச்சியின் சொந்தப் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதாமல் அந்தப் படத்தைக் கீழே வைக்கக் கூடாது.

இவற்றைக் கேட்க ஏற்ற நாள், முன்னோருக்குப் படைத்து வழிபடும் படைப்பு நாள். சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் பங்காளிகள் படைப்பு வீட்டில் ஒன்றுகூடும் அன்று, படங்களின் பெரிய நகல்களைப் பாயில் பரப்பி வைத்தால், ஒருவர் சொல்வதை மற்றொருவர் திருத்துவார். அந்தத் திருத்தங்களையும் சொன்னவர் பெயரோடு அப்படியே பதிவு செய்ய வேண்டும். எது சரி என்று அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். ‘இந்தப் படத்தில் பின்னால் தெரியும் கதவு எந்தக் கட்டுக் கதவு, ஆச்சி?’ என்று வீட்டின் பகுதியைக் குறிப்பிட்டுக் கேட்டால், அந்தக் கட்டில் காயவைத்த வற்றல் முதல் அங்கே தங்கியிருந்த விதவை அத்தை வரை எல்லாம் பேச்சில் வரும்.

காலத்தைக் கணிப்பதற்குப் பெரியவர்கள் சொல்லும் தமிழ் வருடப் பெயர் பேருதவி செய்யும். ரங்கூனில் குண்டு விழுந்ததை ‘விஷு வருஷம் மார்கழி’ என்று ஒருவர் சொன்னால், அது 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால், இன்னொரு சான்றோடு ஒப்பிடாமல் ஆங்கில ஆண்டை எழுதிவிடலாகாது. கடித உறையில் ‘ராமநாதபுரம் ஜில்லா’ என்றிருந்தால் அது 1910க்குப் பிந்தியது, பெரும்பாலும் சிவகங்கை மாவட்டம் பிரிந்த 1985க்கு முந்தியது. காரைக்குடிக்காரர்களிடம், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டிய 1948 ஜூலைக்கு முன்பா பின்பா என்று கேட்டால், பலர் சற்று யோசித்துச் சொல்லிவிடுவார்கள். படமே தரும் குறிப்புகளும் உண்டு: ஒரு பெண்ணின் கழுத்தில் கழுத்துரு என்னும் பெரிய தாலி அணி இருந்தால் அது திருமணத்திலோ, அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தியிலோ எடுத்த படமா என்று விசாரியுங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போனவர்கள் ரங்கூன், பினாங்கு, கொழும்பு ஸ்டூடியோக்களில் எடுத்து அனுப்பிய படங்களில், அட்டையின் அடிப்பகுதியில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால், மங்கிய எழுத்தும் புடைத்துத் தெரியும்.

படத்தைக் கையாளும்போது ஓரங்களை மட்டும் பிடியுங்கள். ஈரத்துணியால் துடைப்பதும், லேமினேஷன் செய்வதும், பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதும் கூடாது. மென்மையான பென்சிலால் ஓரத்தில் எண் மட்டும் குறித்து, விவரத்தை நோட்டில் எழுதுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். அதைக் கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் டிஃப் (TIFF) வகைப் படக்கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால், வளவு வாசலின், அதாவது வீட்டு உள்முற்றத்தின், நிழல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுக்கலாம். சட்டத்தின் பின்புறத்தையும் தவறாமல் படமெடுங்கள், ஏனெனில் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேயும் இருக்கக்கூடும்.

செட்டியார் வீட்டுப் படங்களோடு நின்றுவிட்டால் அது ஊரின் வரலாறு ஆகாது. குழுப்படத்தின் கடைசி வரிசையில் நிற்கும் கணக்கப்பிள்ளை, சமையற்காரர், கொத்தனார், நாகசுர வித்துவான் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் படம் இல்லாமல் போகலாம், நினைவு இருக்கும். ஊரணியில் யார் தண்ணீர் எடுத்தார்கள், யாருக்கு அனுமதி இல்லை என்பது போன்றவற்றை அவர்கள்தான் சொல்ல முடியும். கேட்பவருக்குச் சங்கடமாக இருந்தாலும் அதை மாற்றாமல் எழுத வேண்டும்.

படங்களோடு கல்யாணப் பத்திரிகை, இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஏடு, மொய் ஏடு, துண்டறிக்கை ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காரைக்குடிக்கு அருகில் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு இத்தகைய தாள்களையும் விடாமல் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்த பின், 1994ல் அந்தச் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ஆய்வு நூலகம் அமைந்தது.

வாங்கிய மூலப்படத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல நகல் ஒன்றையும் பெயர்ப் பட்டியலையும் வீட்டாருக்குத் தாருங்கள். எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்பதை அவர்களிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றை வெளியூரில் உள்ள உறவினரிடம் ஒப்படையுங்கள். பெயர்ப் பட்டியலைக் காகிதத்திலும் அச்சிட்டு ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.