கெத்துக்கு பைக் எடுத்துட்டு கண்டெய்னர் லாரி பின்னாடி நின்னு அழுவாதீங்க

யூடியூப் ரிவ்யூ பாத்து பைக் எடுக்காதீங்கப்பா. அவன் காலி ரோட்ல நூறுல போயி செம பிக்கப்னு சொல்லுவான், நமக்கு வடசென்னைல தண்டையார்பேட்டைலேர்ந்து எண்ணூர் வரைக்கும் ஹார்பர் போற கண்டெய்னர் லாரி லைன் கட்டி நிக்கும், அந்த லாரிக்கும் மீடியனுக்கும் நடுவுல இருக்குற சந்துல பூந்து வர்றதுதான் நம்ம ரைடிங்.

நானும் ஏமாந்தவன்தான். மொத வேலை கெடச்சதும் குனிஞ்சு ஓட்டுற ஸ்போர்ட்ஸ் பைக் ஒண்ணு லோன் போட்டு எடுத்தேன். பத்து நாள் கெத்து, அப்புறம் மணிக்கட்டு வலி, ஏன்னா நம்ம ஸ்பீடுல காத்து நெஞ்ச தாங்காது, ஒடம்பு வெயிட்டு பூரா கைல எறங்கும். ஒரு ஞாயித்துக்கெழம காலைல அம்மாவ காசிமேட்டுக்கு மீன் வாங்க கூட்டினு போனேன். பின் சீட்டு முக்காலி மாதிரி ஒசரத்துல, சின்னதா, ஒரு சைடா ஒக்காரவே முடியல, பிரேக் புடிச்சா மொத்தமா என் முதுகு மேல வந்து சாயறாங்க, வஞ்சிரம் பைய மாட்ட ஒரு கொக்கி கூட இல்ல. திரும்பி வரும்போது "நீ போடா, நான் ஆட்டோல வரேன்"னுட்டாங்க. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல, எடுத்தவன் மேலதான்.

அடுத்தது சிசி, அதாவது என்ஜின் சைஸ், மட்டும் கேக்குறது. சிசி கூடவே, வண்டியோட இழுவை, அதான் டார்க், எந்த ஆர்பிஎம்ல, அதாவது என்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்தும்போது வருதுன்னும் பாக்கணும். யமஹா ஆர்15 155 சிசி, அதோட டார்க் 14.2 நியூட்டன் மீட்டர், அது முழுசா வர்றது 7500 ஆர்பிஎம்ல. நம்ம ஊர்ல பொதுவா புல்லட்னு சொல்ற என்ஃபீல்டு கிளாசிக் 350ல 27, வெறும் 4000லயே வந்துரும். சில பேரு தேர்டு கியர்ல 25ல உருட்டுவான், கியர் மாத்தவே சோம்பேறி, அவன் கைல ஆர்15 குடுத்தா வண்டி திணறும், அவனும் பாதி கிளட்ச்லயே ஓட்டி கிளட்ச் பிளேட்ட கருக்கிருவான். சும்மா முறுக்கிட்டே இருக்குறவனுக்கு புல்லட் குடுத்தா தூக்கம் வரும். இதுல நீங்க எந்த ஆளுன்னு கூட ஓட்டுற ஃப்ரெண்ட கேளுங்க, நம்மள நாமளே கேட்டா எல்லாருமே ரேஸர்தான்.

அதுக்குன்னு எல்லாரும் புல்லட்டுக்கு ஓடாதீங்க. இந்தியாவுல திருவொத்தியூர்ல செய்ய ஆரம்பிச்ச கம்பெனி வண்டி, நம்ம ஏரியா பெருமை, எல்லாம் சரி. ஆனா கிளாசிக் 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112. அந்த 83 கிலோன்றது எப்பவுமே ஒரு ஆள பின்னாடி ஒக்கார வெச்சுனு சுத்துற மாதிரி. ஷோரூம் டைல்ஸ் மேல கால் நல்லாதான் எட்டும், மெட்ரோவுக்கு தோண்டுன ரோட்ல, மழை தண்ணில, கால் ஊன்ற எடத்துல பள்ளம் இருந்தா தெரியும் சேதி. வேலைக்கு போட்டுனு போற செருப்போடயே போயி ஒக்காந்து பாருங்க, வண்டிய கைல தள்ளி ரிவர்ஸ் எடுத்து பாருங்க, வீட்டு சந்துல தெனம் அதானே செய்யப் போறீங்க.

டெஸ்ட் ரைடு காலைல பத்து மணிக்கு போகாதீங்க, சாயங்காலம் ஆறு மணி டிராஃபிக்ல கேளுங்க, பின்னாடி ஒக்காரப் போறவங்களையும் கூட்டினு போங்க. என்ஜின் சூடு தொடைல அடிக்குதான்னு அப்பதான் தெரியும்.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்குறவங்க வருஷம் பாருங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டில ஏபிஎஸ், அதாவது பிரேக் புடிச்சா சக்கரம் லாக் ஆவாம பாத்துக்குறது, கட்டாயம், அதுக்கு முன்னாடி வந்ததுல பலதுல இருக்காது. பழைய யமஹா ஆர்எக்ஸ்100 ஆசை எனக்கும் இருக்கு, அந்த சவுண்ட கேட்டா யாருக்குத்தான் இருக்காது, ஆனா டிரம் பிரேக்க வெச்சுனு டெய்லி டிரெய்லர் லாரி நடுவுல போறதுன்னா எனக்கு அவ்ளோ தெகிரியம் இல்ல.

அப்புறம் ராயபுரம், காசிமேடு பக்கம் கடலோரம் வீடுன்னா குரோம் நெறைய இருக்குற வண்டிய யோசிச்சு எடுங்க. உப்புக் காத்து ரிம்முல, சைலன்சர்ல சீக்கிரம் துரு புடிக்க வெச்சிரும், செயினுக்கும் எண்ணெய் கொஞ்சம் அடிக்கடியே போடணும்.